சூல் முதிரும் காலம்
ஓமோன்களும் பெட்டைக்குதிரையின் இனப்பெருக்கமும்

முன்னுரை



உயிர்கள் யாவும் தத்தம் இனத்தைப் பெருக்குகின்றன. அதற்கென ஒவ்வோர் உயிருக்கும் ஒரு காலம் உண்டு. அக்காலத்தை அவ்வுயிருக்கு அறிவிப்பது யாது? நாட்காட்டி பாராத பெட்டைக்குதிரை, தன் கன்று புல் தளிர்க்கும் பருவத்திற் பிறக்கவேண்டும் என்பதை எவ்வாறு அறிகின்றது? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது வெஸ்ட்லியிலிருந்து நகரை நோக்கிச் செல்லும் வழியில், 1928ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பியெர்க்க குதிரைப் பந்தயத் திடலை உங்களுட் பலர் கண்டிருப்பீர்கள். நோர்வேயின் மேற்குக் கரைக்குச் சென்றோர், மஞ்சள் கலந்த சாம்பல் நிறமும் கருங்கோடு ஓடும் பிடரிமயிரும் கொண்ட ஃபியோர்ட் குதிரையையும் கண்டிருப்பர். உங்கள் பெற்றோருட் சிலரோ யாழ்ப்பாணத்தின் குறிகட்டுவான் துறையிற் படகேறி நெடுந்தீவுக்குச் சென்று, அங்கு கட்டுக்கடங்காது திரியும் மட்டக்குதிரைகளைப் பார்த்திருப்பர். ஆகவே குதிரை எமக்கு அந்நியமான விலங்கன்று.

இனப்பெருக்கம் பற்றிய பாடத்தைத் தமிழில் நடத்தும்போது மாணவர் தலைகுனிவதையும் பெற்றோர் பேச்சை மாற்றுவதையும் நாம் கண்டிருக்கிறோம். அதே பாடத்தை நோர்வே மொழியில் எவ்விதத் தயக்கமுமின்றி அம்மாணவர் கற்கின்றனர். தமிழிற் சொற்கள் இல்லாமையால் இந்நிலை ஏற்படவில்லை; அவை எமது வீடுகளிற் பழகாமையால் ஏற்பட்டது. தொல்காப்பியத்தின் மரபியல், குதிரையின் பெண்ணைப் பெட்டை என்றும் அதன் இளமையைக் கன்று என்றும் வழங்கலாமென வகுத்துள்ளது. விலங்குகளின் ஆண், பெண், இளமை ஆகியவற்றுக்கு இலக்கணம் கண்ட மொழியில் இப்பாடத்தைக் கற்பதற்கு நாணவேண்டியதில்லை.

இரு நிலங்கள், இரு பகற்பொழுதுகள்

நெடுந்தீவு வடக்கு அகலக்கோடு 9½ பாகையில் அமைந்துள்ளது. ஒஸ்லோவோ ஏறத்தாழ 60 பாகையில் உள்ளது. இதனால் விளையும் வேறுபாட்டைப் பாருங்கள். நெடுந்தீவில் யூன் மாதத்தின் மிக நீண்ட பகலுக்கும் டிசெம்பர் மாதத்தின் மிகக் குறுகிய பகலுக்குமிடையே உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்தைச் சற்றே விஞ்சும். ஒஸ்லோவிற் டிசெம்பர்ப் பகல் ஏறத்தாழ 6 மணி நேரம். யூன் பகல் ஏறத்தாழ 19 மணி நேரம். வேறுபாடு 13 மணி நேரமாகும்.

குதிரையின் கர்ப்பகாலம் சராசரியாக 340 நாட்கள், அதாவது ஏறத்தாழ 11 மாதங்கள். பனிக்காலத்தின் நடுவே கன்று பிறந்தால் தாய்க்குப் புல் இராது; பால் குன்றும்; கன்று குளிரில் மடியும். வசந்தத்தின் இறுதியிற் பிறந்தாலோ, கோடை முழுவதும் புல்லும் பாலும் உண்டு வலுப்பெற்று அடுத்த பனியைத் தாங்கும். 11 மாதக் கர்ப்பமுடைய விலங்கு மே மாதத்திற் கன்று ஈனவேண்டுமாயின், முந்திய ஆண்டின் யூன் மாதமளவிற் கருவுற வேண்டும். எனவே பகல் நீளும் காலமே பெட்டைக்குதிரையின் இனப்பெருக்க காலமாகும். இத்தகைய விலங்குகளை நெடும்பகல் இனப்பெருக்கிகள் என்பர். 5 மாதக் கர்ப்பமுடைய செம்மறியாடு இதற்கு மாறாகப் பகல் குறுகும் இலையுதிர் காலத்தில் இணைசேர்கின்றது. இரண்டின் வழியும் வேறு. குட்டி புல்லைக் காணவேண்டும் என்ற பயன் ஒன்றே.

இருளின் தூது

பகலின் நீளத்தை உடல் எவ்வாறு அளக்கின்றது? கண்ணின் விழித்திரையில் விழும் ஒளி, நரம்பின் வழியே மூளையை அடைந்து, அங்குள்ள கூம்புச்சுரப்பியைக் கட்டுப்படுத்துகின்றது. இச்சுரப்பி இருளில் மட்டுமே மெலற்றோனின் என்னும் ஓமோனைப் பெருமளவிற் சுரக்கும். இரவு நீண்டால் மெலற்றோனின் நெடுநேரம் சுரக்கும். இரவு குறுகினால் அதன் நேரமும் குறுகும். இவ்வோமோனை 1958இல் மாட்டின் கூம்புச்சுரப்பியிலிருந்து முதன்முதலிற் பிரித்தெடுத்தவர் ஆரன் லேணர் என்னும் அமெரிக்க மருத்துவராவார்.

ஓமோன் என்பது யாது? ஓர் உறுப்பிற் சுரந்து, குருதியின் வழியே சென்று, தொலைவிலுள்ள மற்றோர் உறுப்பைச் செயற்படுத்தும் இரசாயனத் தூதே ஓமோன் எனப்படும். "தூண்டுகிறேன்" எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை 1905இல் வழங்கியவர் ஏணஸ்ட் ஸ்டாலிங் என்னும் ஆங்கிலேய உடற்றொழிலியல் அறிஞர்.

பெட்டைக்குதிரையில் நீண்ட இரவின் மெலற்றோனின், மூளையின் அடிப்புறத்திலுள்ள பரிவகக்கீழ் என்னும் பகுதியை அடக்கி வைக்கின்றது. வசந்தத்தில் இரவு குறுகக் குறுக அவ்வடக்குமுறை தளர்கின்றது. பரிவகக்கீழ் ஒரு விடுவிப்பு ஓமோனைச் சிறுசிறு துடிப்புகளாக வெளிவிடுகின்றது. அது அருகிலுள்ள கபச்சுரப்பியை அடைந்து இரண்டு ஓமோன்களை வெளிவரச் செய்கின்றது. ஒன்று புடைப்புத் தூண்டும் ஓமோன். மற்றது லூற்றினாக்கும் ஓமோன். பரிவகக்கீழிலிருந்து வரும் அவ்விடுவிப்பு ஓமோனின் கட்டமைப்பு 1971இல் அறியப்பட்டது. இத்துறை ஆய்வுகளுக்காக அன்ட்ரூ ஷலியும் ரொஜே கீய்மெனும் 1977ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசிற் பங்குபெற்றனர்.

ஒளி கண்ணுக்கும், கண் மூளைக்கும், மூளை கபச்சுரப்பிக்கும், கபச்சுரப்பி சூலகத்துக்கும் செய்தியை அனுப்புகின்றன. இச்சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தாலும் சூல் முதிராது.

சூலகத்தினுள் நிகழ்வன

சூலகத்தில் எண்ணற்ற நுண்ணிய சூல்கள் உறைகின்றன. ஒவ்வொன்றையும் சூழ்ந்து கலங்களாலான ஓர் உறை உண்டு. அது நீர் நிறைந்து வளரும்போது புடைப்பு எனப்படும்.

வசந்தத்தின் தொடக்கத்தில் புடைப்புகள் வளர்வதும், முதிராமலே சுருங்குவதுமாக ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கழியும். புடைப்புத் தூண்டும் ஓமோன் முன்னரே வந்துவிடும். லூற்றினாக்கும் ஓமோனோ போதிய அளவை எட்ட நாட்செல்லும். ஒன்று வந்தும் மற்றது வாராமையால் முயற்சிகள் பல வீணாகின்றன. பின்னர் ஒரு நாள் இரண்டும் கூடும்போது ஆண்டின் முதலாவது சூல் வெளியேற்றம் நிகழும். அதன்பின் கோடை முழுவதும் ஏறத்தாழ 21 அல்லது 22 நாட்களுக்கு ஒருமுறை இவ்வட்டம் ஒழுங்காகச் சுழலும். இவற்றுள் 5 முதல் 7 நாட்கள் வரையிலேயே பெட்டை ஆண்குதிரையை ஏற்கும்.

ஒவ்வொரு வட்டத்திலும் பல புடைப்புகள் ஒருங்கே வளரத் தொடங்குகின்றன. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 22 மில்லிமீற்றர் விட்டத்தை அடையும்போது ஏனையவற்றை முந்துகின்றது. அது ஈத்திரசன், இன்ஹிபின் என்னும் ஓமோன்களைச் சுரந்து, புடைப்புத் தூண்டும் ஓமோனின் அளவைக் குறைக்கின்றது. சிறிய புடைப்புகள் அந்த ஓமோனின்றி வாடுகின்றன. பெரியதோ அதற்குள் லூற்றினாக்கும் ஓமோனைப் பெறும் ஆற்றலை அடைந்துவிட்டமையால் தொடர்ந்து நாளுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றராக வளர்ந்து, 35 முதல் 45 மில்லிமீற்றர் வரையிலான அளவை எட்டும். ஒரு கோழி முட்டையின் குறுக்களவை ஒத்த இப்புடைப்பினுள் இருக்கும் சூலோ, ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கைவிடச் சற்றே பெரியது.

பசுவிலும் மனிதரிலும் சூலகத்தின் மேற்பரப்பிற் பல இடங்களிலிருந்து சூல் வெளியேறலாம். குதிரையிற் சூலகத்தின் ஒரு பக்கத்திலுள்ள சிறிய குழியொன்றினூடாக மட்டுமே அது வெளியேறும். லூற்றினாக்கும் ஓமோனின் எழுச்சியும் குதிரைக்குத் தனித்துவமானது. பல விலங்குகளில் அது ஓரிரு நாட்களுள் எழுந்து அடங்கும். குதிரையிற் பல நாட்களாக மெல்ல மெல்ல ஏறி, சூல் வெளியேறிய பின்னரே உச்சத்தை அடையும்.

முதிர்தல் என்றால் என்ன?

இதுவே பாடத்தின் நடுப்பகுதி. கவனமாக வாசியுங்கள்.

குதிரையின் உடற்கலம் ஒவ்வொன்றிலும் 64 நிறமூர்த்தங்கள் உள்ளன. தாயிடமிருந்து 32உம் தந்தையிடமிருந்து 32உம் வந்தாலன்றிக் கன்று 64ஐப் பெறமுடியாது. ஆகவே சூல் தன்னிடமுள்ள 64ஐ 32 ஆகக் குறைக்க வேண்டும். இதற்கு உதவும் பிரிவு ஒடுக்கற்பிரிவு எனப்படும்.

பெட்டைக்கன்று தன் தாயின் கருப்பையில் இருக்கும்போதே அதன் சூல்கள் ஒடுக்கற்பிரிவைத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிடுகின்றன. அந்நிலையிற் பல ஆண்டுகள் அவை காத்திருக்கும். லூற்றினாக்கும் ஓமோனின் எழுச்சி வந்தபின்னரே நின்ற பிரிவு மீண்டும் தொடங்கும். சூலைச் சூழ்ந்த கலங்கள் ஒன்றையொன்று விட்டு விரியும். நிறமூர்த்தங்களின் ஒரு பாதி முனைவுடல் என்னும் சிறு துணிக்கையாக வெளியே தள்ளப்படும். பின்னர் இரண்டாம் பிரிவைத் தொடங்கி, அதையும் இடையில் நிறுத்தி, ஆண்கலத்தின் வரவை எதிர்பார்க்கும். ஆண்கலம் நுழைந்தபின்னரே அது நிறைவுறும்.

புடைப்பின் பருமன் ஒன்றே முதிர்ச்சியாகாது. உள்ளிருக்கும் சூலின் நிறமூர்த்தக் கணக்கும் ஒழுங்குபட வேண்டும். 64 நிறமூர்த்தங்களுடைய குதிரைக்கும் 62 உடைய கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63 நிறமூர்த்தங்கள் உள்ளன. ஒற்றைப்பட்ட எண் சோடி சேராமையால் ஒடுக்கற்பிரிவு தடைப்படுகின்றது. கோவேறு கழுதை பெரும்பாலும் மலடாயிருப்பதன் காரணம் இதுவே.

கருவுற்றதும் கருவுறாததும்

வெளியேறிய சூல் சூற்கான் என்னும் நுண்குழாயை அடைகின்றது. சூலின் ஆயுள் அரை நாளளவே. ஆண்கலங்களோ பெட்டையின் உடலிற் சில நாட்கள் உயிர்வாழக்கூடும். கருவுற்ற சூல் பிளவுற்று முளையமாகி, ஐந்தாம் ஆறாம் நாளளவில் ஓர் ஓமோனைத் தானே சுரந்து, கருப்பைக்குச் செல்லும் வாயிலைத் திறப்பிக்கின்றது. கருவுறாத சூலால் இதனைச் செய்யமுடியாது. அது சூற்கானிலேயே தங்கி, மாதக்கணக்கிற் கிடந்து அழியும்.

வெடித்த புடைப்பு இருந்த இடத்தில் மஞ்சட்சடலம் தோன்றி, புரொசெத்தரோன் என்னும் ஓமோனைச் சுரக்கின்றது. கர்ப்பத்தைக் காக்கும் ஓமோன் இதுவாகும். முளையம் ஏறத்தாழ 16ஆம் நாள்வரை கருப்பை முழுவதும் உருண்டு திரிந்து, தான் வந்திருப்பதைத் தாயுடலுக்கு உணர்த்துகின்றது. அவ்வறிவிப்புக் கிடைக்காவிடின் கருப்பை வேறோர் ஓமோனை அனுப்பி மஞ்சட்சடலத்தை அழித்துவிடும். வட்டம் மீண்டும் தொடங்கும்.

மனிதனின் நாட்காட்டியும் குதிரையின் நாட்காட்டியும்

வட அரைக்கோளத்திற் பந்தயக் குதிரைகள் யாவற்றுக்கும் சனவரி 1ஆம் நாளில் ஒரு வயது கூடுவதாகக் கொள்வர். ஆதலால் ஆண்டின் தொடக்கத்திற் பிறந்த கன்று, யூனிற் பிறந்த கன்றைவிட வலுவுடன் பந்தயத்துக்கு வரும். வளர்ப்போர் முற்பட்ட கன்றை விரும்புவது இதனாலேயாகும். ஆனால் பெட்டையின் உடல் இக்கணக்கை அறியாது.

இங்கு அறிவியல் உதவுகின்றது. செயற்கை ஒளியாற் பெட்டைக்குதிரையின் பருவத்தை முற்படுத்தலாம் என்பதை 1947இல் பேர்க்ஹாட் என்னும் ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். டிசெம்பர்த் தொடக்கம் முதல் லாயத்தில் விளக்கேற்றி, நாளுக்கு 16 மணி நேர ஒளி கிடைக்கச் செய்தால், ஏறத்தாழ 60 முதல் 70 நாட்களிற் சூல் வெளியேற்றம் தொடங்கும். ஒரு கண்ணுக்கு மட்டும் நீல ஒளி காட்டும் முகமூடியும் இதே பயனைத் தருமென அயர்லாந்தில் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் பாபரா மேர்பி காட்டியுள்ளார். எனினும் இன்று விளக்கேற்றி நாளை சூலைப் பெறமுடியாது என்பதைக் கவனியுங்கள். இரு மாத ஆயத்தத்தை எந்த விளக்காலும் தவிர்க்க இயலாது.

உடலுக்கு வெளியே சூலைக் கருவுறச் செய்வதும் குதிரையில் எளிதாயிருக்கவில்லை. 1990களின் தொடக்கத்திற் பிரான்சில் இவ்வாறு இரு கன்றுகள் பிறந்தன. அதன்பின் நெடுங்காலம் அம்முறை கைகூடவில்லை. ஆண்கலம் ஒன்றை நுண்ணூசியாற் சூலினுள் செலுத்தும் முறையால் 1996இல் அமெரிக்காவின் கொலராடோவிற் கன்று பெறப்பட்டது. ஊசியின்றிக் கருவுறச் செய்யும் வழியை 2022இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்டனர்; ஆண்கலங்களை ஏறத்தாழ ஒரு நாள் முன்னதாகப் பதப்படுத்தியமையே அவ்வெற்றியின் திறவுகோல். இந்தியாவில் பிகானீர் ஆய்வு நிலையத்தில், ஒரு பெட்டையின் முளையத்தை மற்றொரு பெட்டையின் கருப்பையில் வைத்து 2023இல் மார்வாரி இனக் கன்று பெறப்பட்டது. இம்முயற்சிகள் யாவும் அரிய இனங்களைக் காக்கவும் உதவக்கூடும். நோர்வேயின் ஃபியோர்ட், டோல, நூர்லான்ட் ஆகிய மூன்று நாட்டினங்களும் அருகிவருவனவாகக் கணிக்கப்படுகின்றன. ஓர் ஆண்டுக்கு ஒரு கன்றுக்குமேல் ஈனாத விலங்கில் ஒவ்வொரு சூலும் விலைமதிப்புடையது.

நெடுந்தீவு தரும் சான்று

பழந்தமிழ் நாட்டுக்குக் குதிரைகள் கடல்வழி வந்தமையைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகர் கதையை நீங்கள் அறிவீர்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அங்கு குதிரைகள் நன்கு பெருகாமையையும் அவை முறையாகப் பராமரிக்கப்படாமையையும் கூறுகின்றார். அக்காலத்தில் ஆண்டொன்றுக்கு 10,000 குதிரைகள் அக்கரைக்கும் அண்டைத் துறைகளுக்கும் அனுப்பப்பட்டதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதினார். பெரும்பொன் கடல்தாண்டிச் சென்றது.

அவ்வாறாயின் வெப்ப நிலத்திற் குதிரை பெருகாதா? நெடுந்தீவு இதனை மறுக்கின்றது. ஒல்லாந்தர் காலத்தில் அங்கு குதிரைகள் வளர்க்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோலன் என்னும் படை அதிகாரி அத்தீவைப் பொறுப்பேற்று நடத்தினார். வளர்ப்போர் அகன்றபின்னும் குதிரைகள் அகலவில்லை. ஆளற்ற வெளிகளில் தலைமுறை தலைமுறையாகக் கன்று ஈன்று இன்றும் வாழ்கின்றன. 2015இல் அவை வாழும் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பகல்வேறுபாடு மிகக் குறைந்த நிலத்தில் ஒளியின் கட்டளை மெலிந்தது. அங்கு மற்றொரு கட்டளை மேலோங்குகின்றது, அது உணவு. உடலிற் கொழுப்புக் குன்றிய பெட்டையிற் பரிவகக்கீழின் துடிப்புத் தளரும், புடைப்பு வளராது. வெப்ப வலயத்தில் நன்கு உண்ட பெட்டை ஆண்டு முழுவதும் சூல் முதிர்க்கவல்லது. நெடுந்தீவிலோ நன்னீர் அரிது. வடகீழ்ப் பருவமழை பொய்த்தால் புல் கருகும். கடும் வரட்சியிற் குதிரைகள் மாண்ட செய்திகள் வந்துள்ளன. உயிர் தப்பிய மெலிந்த பெட்டையும் அவ்வாண்டிற் கருவுறாமற் போகக்கூடும். எனவே அக்குதிரைகளைக் காப்பதென்பது வேலி அமைப்பதோடு முடிவதன்று. கோடையில் தொட்டியில் நிரப்பும் நீர், அடுத்த ஆண்டின் கன்றாக மாறுகின்றது.

நிறைவுரை

மாணவச் செல்வங்களே, இப்பாடம் குதிரையோடு முடியவில்லை. மனிதரிலும் இவ்வோமோன்களே இயங்குகின்றன. மனிதரிலும் பெண்குழந்தை தன் தாயின் கருப்பையில் இருக்கும்போதே அதன் சூல்கள் உருவாகிவிடுகின்றன. இதன் பொருளைச் சற்றுச் சிந்தியுங்கள். நீங்கள் எந்தச் சூலிலிருந்து தோன்றினீர்களோ, அது உங்கள் அம்மா உங்கள் அம்மம்மாவின் வயிற்றில் இருந்தபோதே உருவாயிற்று. உங்களுட் பலருடைய அம்மம்மா அப்போது சாவகச்சேரியிலோ, பருத்தித்துறையிலோ, முல்லைத்தீவிலோ, மட்டக்களப்பிலோ கிணற்றடியில் நீர் அள்ளிக்கொண்டிருந்தார். பின்னர் உங்கள் அம்மா வளர்ந்தார், இடம்பெயர்ந்தார், கடல் கடந்தார். அந்த நுண்ணிய சூலும் அவருடன் இடம்பெயர்ந்து, பல ஆண்டுகள் காத்திருந்து, இப்பனி நிலத்தில் முதிர்ந்தது. ஒஸ்லோவிற் பிறந்த பிள்ளை தாயகத்தைக் காணாதது என நாம் கூறுவதுண்டு. உயிரியற் கணக்கிலோ அப்பிள்ளையின் தொடக்கம் அம்மண்ணிலும் இருக்கின்றது.

பெற்றோர்களே, கீழ்வரும் வினாக்களைப் பிள்ளைகளோடு அமர்ந்து தமிழிற் பேசி விடை காணுங்கள். சொல் நாவிற் பழகினால் நாணம் தானே அகலும்.

சொல் அறிவோம்

சூல்: நோர்வே மொழியில் எக்செல்ல.
சூலகம்: எக்ஸ்தொக்.
கருப்பை: லீவ்மூர். உயிர்த்தாய் எனப் பொருள்படும் அழகிய சொல்.
பெட்டைக்குதிரை: ஹொப்ப.
குதிரைக்கன்று: ஃபோல்.

பயிற்சி வினாக்கள்

1. குதிரையின் கர்ப்பகாலம் 340 நாட்கள். ஆண்டுதோறும் ஒரே நாளிற் கன்று ஈனவேண்டுமாயின், ஈன்றபின் எத்தனை நாட்களுட் பெட்டை மீண்டும் கருவுற வேண்டும்?
2. செம்மறியாடு இலையுதிர் காலத்திலும் குதிரை கோடையிலும் இணைசேர்வது ஏன்?
3. பனிக்காலத்தில் லாயத்தில் விளக்கேற்றுவதாற் கூம்புச்சுரப்பியில் ஏற்படும் மாற்றம் யாது?
4. கோவேறு கழுதை மலடாயிருப்பதன் காரணத்தை நிறமூர்த்த எண்களைக் கொண்டு விளக்குக.
5. நெடுந்தீவின் பெட்டைக்குதிரைக்கு ஒளியைவிட மழை முக்கியமானது ஏன்? உம் அம்மம்மா அல்லது அப்பம்மாவிடம் தாயகத்தின் மழைக்காலம் பற்றிக் கேட்டறிந்து 10 வரிகள் எழுதுக.